நீரடிமுத்தும் சுங்கை பூலோவும்: ஒரு காட்டு மூலிகை எண்ணெயின் வரலாறு

முன்னுரை

சுங்கை பூலோ என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவன பூஞ்செடி விற்பனை நிலையங்களும் 2006இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனையுமே. அச்செடித் தோட்டங்களைத் தொடங்கியவர்கள் யார் என்று கேட்டால் வரலாறு வேறு திசையில் இழுத்துச் செல்லும். 1930இல் அங்கு நிறுவப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களே அவற்றைத் தொடங்கினர். ஆங்கிலேயப் பேரரசிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிய அக்குடியிருப்பில், சல்போன் மருந்துகள் வரும்வரை, அன்றாட மருத்துவத்தின் மையமாக இருந்தது ஒரு விதையெண்ணெய். ஆங்கில மருத்துவ நூல்கள் அதனைச் ‘சால்மூக்ரா’ என்றும் ‘ஹிட்னோகார்பஸ்’ என்றும் வழங்கின. தமிழ் மருத்துவம் அவ்வினத்து விதையை நீரடிமுத்து என்று அறியும்.

நீரடிமுத்தின் தாவர இயல்பு, அதன் வேதியியல், அது சுங்கை பூலோவை வந்தடைந்த வழி ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. இம்மூன்றையும் தனித்தனியே எழுதுவோர் உளர். ஆயினும் எந்த மரத்தின் விதை என்ற கேள்வியும், அவ்விதைக்குள் என்ன உள்ளது என்ற கேள்வியும், அது யாருடைய உடலில் செலுத்தப்பட்டது என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியவை. முதல் கேள்விக்குத் தவறான விடை கிடைத்தபோது மற்ற இரண்டும் வழிதவறியதை இவ்வரலாற்றில் காண்கிறோம்.

மரமும் பெயரும்

நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய மரம். மலையடிவார ஓடைக்கரைகளிலும் ஈரம் மிகுந்த பசுமைமாறாக் காடுகளிலும் தானாக வளர்வது. இலைகள் தனியிலைகள், மாற்றடுக்கில் அமைந்தவை, ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வளர்பவை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மலர்கள் சிறியன, பசுமை கலந்த வெண்ணிறத்தன. இதழ் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செதில் இருப்பது இப்பேரினத்தின் அடையாளம். காய் உருண்டையானது, இளமையில் மென்மயிர் போர்த்தியது, முற்றியபின் மரம்போல் கடினமான ஓடு உடையது. உள்ளே சதைப்பற்றில் புதைந்து கிடக்கும் கோணல்மாணலான விதைகளே மருந்துப் பொருள். கேரளத்தில் இதற்கு ‘மரோட்டி’ என்று பெயர். அங்கு இவ்விதையெண்ணெயை விளக்கெரிக்கப் பயன்படுத்தினர். பிளந்த காயோட்டையே அகலாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. தமிழில் ‘மரவெட்டி’ என்ற பெயரும் வழங்குகிறது. இதிலுள்ள ‘எட்டி’ என்னும் ஓசையைக் கண்டு இதனை எட்டி மரத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. எட்டி முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த நச்சு மரம்.

ஹிட்னோகார்பஸ் என்ற பேரினப் பெயரை 1788இல் வழங்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் கேர்ட்னர். நிலத்தடிக் காளானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கனியைக் குறிக்கும் சொல்லும் இணைந்து அப்பெயர் உருவாயிற்று. அவர் விவரித்த இலங்கை இனத்திற்கு ‘நஞ்சுடையது’ என்று பொருள்படும் இனப்பெயரை இட்டார் என்பது கவனத்திற்குரியது. மீன்களை மயக்கிப் பிடிக்க இப்பேரினத்துக் காய்கள் பயன்பட்டுள்ளன. நம் நீரடிமுத்துக்கு 1849இல் புளூம் என்னும் அறிஞர் ‘ஹிட்னோகார்பஸ் வைட்டியானா’ என்று பெயரிட்டார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை ஆவணப்படுத்திய இராபர்ட் வைட் என்பவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. (வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோர் பெயரில் ஒரு செடிக்காவது பெயரிடும் எண்ணம் அக்காலத்தில் பலருக்கு எழவில்லை.) ஐந்து மகரந்தத் தாள்களைக் குறிக்கும் ‘பென்டாண்ட்ரஸ்’ என்ற இன்னும் பழைய இனப்பெயரே முன்னுரிமை உடையது என்பதால், இன்றைய தாவரவியலார் ‘ஹிட்னோகார்பஸ் பென்டாண்ட்ரஸ்’ என்றே எழுதுகின்றனர். பழைய நூல்கள் இதனை ஃபிளக்கோர்ட்டியேசியே குடும்பத்தில் வைத்தன. மரபணு அடிப்படையிலான புதிய வகைப்பாடு அக்காரியேசியே குடும்பத்திற்கு மாற்றியுள்ளது. மலாயாக் காடுகளிலும் இப்பேரினத்து மரங்கள் பல உள்ளன. மலாய்க்காரர் அவற்றுள் சிலவற்றைச் ‘செத்தும்போல்’ என்பர்.

மருத்துவ மரபில் இவ்விதை பழமையானது. சுசுருத சம்கிதை ‘துவரகம்’ என்னும் மரத்தை மேற்குக் கடற்கரையில் வளர்வதாகக் கூறி, அதன் விதையெண்ணெயைக் குட்ட நோய்க்கும் நீரிழிவுக்கும் விதிக்கிறது. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டையோடு சேர்த்துச் செய்யப்படும் நீரடிமுத்து வல்லாதி மெழுகு இன்றும் வழக்கிலுள்ளது. இவற்றைச் சுட்டி, நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொழுநோயைக் குணப்படுத்திவிட்டனர் என்று எழுதும் போக்கு நம்மிடையே பரவலாக உள்ளது. அக்கூற்றை அவ்வாறே ஏற்பதற்கில்லை. குட்டம் என்ற தலைப்பின்கீழ்ப் பழைய மருத்துவ நூல்கள் பதினெட்டு வகைகளை அடக்குகின்றன. படை, சொறி, வெண்புள்ளி போன்ற பல தோல் நோய்களும் அவற்றுள் அடங்கும். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த நுண்ணுயிரியால் வரும் நோய் அப்பதினெட்டில் எது எது என்று பிரித்தறியாமல் முடிவு கூறுதல் ஆய்வாகாது. முன்னோரின் கூர்த்த நோக்கை மதிக்கும் வழி அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பதன்று.

தவறான மரத்தைத் தேடிய அரை நூற்றாண்டு

மேலை மருத்துவத்துக்குச் சால்மூக்ராவை அறிமுகப்படுத்தியவர் வங்காளத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் மூவாட். அவர் 1854இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். ஆனால் கடைத்தெருவில் அவ்விதையை விற்றவர்கள் சொன்ன பெயரும், தாவரவியலார் அப்பெயரோடு இணைத்த மரமும் வேறு வேறு. இராக்ஸ்பர்க் ‘சால்மூக்ரா ஒடோராட்டா’ என்று குறித்த மரம், பின்னர் ‘கைனோகார்டியா ஒடோராட்டா’ எனப்பட்டது. அதுவே மருந்து மரம் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மருந்து நூல்கள் எழுதின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் சந்தையில் விற்கும் விதைகள் கைனோகார்டியா விதைகளல்ல என்பது பாரிசில் நடந்த ஆய்வில் வெளிப்பட்டது. பர்மா, அசாம் காடுகளில் வளரும் ‘தாரக்டோஜெனஸ் குர்சி’ என்ற மரமே மூலம் என்று டேவிட் பிரெயின் நிறுவினார். இன்று அதுவும் ஹிட்னோகார்பஸ் பேரினத்துள் சேர்க்கப்பட்டுள்ளது.

இம்மாற்றம் வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. இலண்டன் வெல்கம் இரசாயன ஆய்வகத்தில் ஃபிரெடரிக் பவரும் உடன் ஆய்வாளர்களும் 1904 முதல் வெளியிட்ட கட்டுரைகள் அதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின. உண்மையான சால்மூக்ரா எண்ணெயிலும் நம் நீரடிமுத்து எண்ணெயிலும் அதுவரை அறியப்படாத கொழுப்பமிலங்கள் இருந்தன. அவற்றுக்குச் சால்மூக்ரிக் அமிலம், ஹிட்னோகார்பிக் அமிலம் என்று பெயரிட்டனர். கைனோகார்டியா எண்ணெயிலோ இவ்வமிலங்கள் அறவே இல்லை. அப்படியாயின் சரியான விதையைப் பெறாத நோயாளிகளுக்கு எண்ணெய் பயன்படவில்லை என்று எழுதப்பட்ட பழைய குறிப்புகளின் மதிப்பு என்ன? சரியான விதையால் குணமடைந்ததாக எழுதப்பட்டவற்றின் மதிப்புத்தான் என்ன? இரண்டையும் மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று.

பெயர்ப் பிழை இதன் பின்னும் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ரோஜர்ஸ் கல்கத்தாவில் உருவாக்கிய உப்பு, ‘சோடியம் கைனோகார்டேட்’ என்றே விற்பனைக்கு வந்தது. அதில் கைனோகார்டியா இல்லை. ஜெர்மனியில் இதனினும் பெரிய விபரீதம் நேர்ந்தது. 1910 இறுதியில் ஹாம்பர்கை அடுத்த ஆல்டோனாவில் விற்ற மார்கரின் கொழுப்பை உண்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு துன்புற்றனர். இந்தியாவிலிருந்து இறக்குமதியான ஹிட்னோகார்பஸ் எண்ணெய் சமையற் கொழுப்பாக அதில் சேர்க்கப்பட்டதே காரணம். மரோட்டியை விளக்குக்கு மட்டும் வைத்துக்கொண்ட மலையாளக் கிழவிக்குத் தெரிந்தது அவ்வாலைக்குத் தெரியவில்லை.

விதைக்குள் இருக்கும் வளையம்

வேதியியல் நோக்கில் நீரடிமுத்தின் தனித்தன்மையை விளக்கச் சாதாரண எண்ணெய்களோடு ஒப்பிடுதல் எளிது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், செம்பனை எண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நீண்ட நேர்ச்சங்கிலிகள். நீரடிமுத்தின் அமிலங்களில் சங்கிலியின் ஒரு முனையில் வழக்கம்போல் அமிலத் தொகுதி இருக்க, மறுமுனையில் ஐந்து கரிம அணுக்களாலான ஒரு வளையம் தொங்குகிறது. அவ்வளையத்துள் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சைக்ளோபென்டீன் எனப்படும் இவ்வளையமே இவ்வெண்ணெயின் கையொப்பம். ஹிட்னோகார்பிக் அமிலத்தில் மொத்தம் 16 கரிம அணுக்கள். சால்மூக்ரிக் அமிலத்தில் 18. கார்லிக் அமிலம் என்ற மூன்றாவதிலும் 18. ஆனால் அதன் சங்கிலியில் கூடுதலாக ஓர் இரட்டைப் பிணைப்பு. இவ்வமைப்பை 1925இல் அமெரிக்காவில் ஷ்ரைனர், ஆடம்ஸ் ஆகியோர் தெளிவுறுத்தினர்.

நீரடிமுத்து எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி ஹிட்னோகார்பிக் அமிலம். கால் பங்குக்குச் சற்று மிகுதியாகச் சால்மூக்ரிக் அமிலம். சுமார் 12 விழுக்காடு கார்லிக் அமிலம். ஒலீயிக், பால்மிட்டிக் போன்ற பழகிய அமிலங்கள் சிறு அளவே. வளையத்தின் இணைப்பிடம் சமச்சீரற்றதாதலால் எண்ணெய் தளவிளைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பும். பொதுவான சமையலெண்ணெய்களிடம் இப்பண்பு இல்லை. எனவே கலப்படத்தைக் கண்டறிய மருந்தாளர்க்கு இது நல்ல அளவுகோலாயிற்று. குளிர்நாடுகளில் இது வெண்ணெய்போல் உறையும். நம் நாட்டு வெப்பத்தில் மஞ்சள் நிற எண்ணெயாக நிற்கும்.

இவ்வளையம் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான செய்தி. இக்குடும்பத்து மரங்கள் சைக்ளோபென்டெனில் கிளைசின் என்ற அரிய அமினோ அமிலத்தை ஆக்குகின்றன. அதிலிருந்து ஒரு வழியில் இக்கொழுப்பமிலங்களும், மறுவழியில் சயனைடை வெளியிடவல்ல சேர்மங்களும் பிறக்கின்றன. கைனோகார்டியாவில் உள்ள ‘கைனோகார்டின்’ என்ற நச்சுச் சேர்மமும் இதே ஐந்தணு வளையத்தைக் கொண்டதுதான். தவறான மரத்திலும் வளையம் இருந்தது. மருந்தாகும் அமிலத்தில் அன்றி நஞ்சில் இருந்தது. மருந்தும் நஞ்சும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் சிலவே.

எண்ணெயின் பெருங்குறை அதனை உடலில் செலுத்துவதில் இருந்தது. வாய்வழி உட்கொண்டால் குமட்டல் தாங்கவியலாது. தசையில் செலுத்தினால் அடர்த்தி மிகுந்த எண்ணெய் கரையாமல் கட்டியாகும். வலி நாட்கணக்கில் நீடிக்கும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பின வேதியியலாளர் அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி இச்சிக்கலைத் தணித்தார். 1916இன் இறுதி நாளில், தம் 24ஆம் வயதில், முடிவுகளை வெளியிடுமுன்பே அவர் மறைந்தார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவ்வாய்வைத் தொடர்ந்து வெளியிட்டபோது பாலின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1922இல் மருத்துவர் ஹோல்மன் ‘பால் முறை’ என்று எழுதியதால்தான் அவர் பங்கு பதிவாயிற்று. கல்கத்தாவில் எர்னஸ்ட் முயிர் எஸ்டர்களோடு கிரியோசோட்டு, சூடம், ஒலிவ எண்ணெய் சேர்த்த கலவையைப் பரப்பினார். பர்மாக் காட்டு விதையைவிடத் தென்னிந்திய நீரடிமுத்து மலிவாகவும் புதிதாகவும் கிடைத்தமையால் நாளடைவில் அதுவே இந்தியக் குடியிருப்புகளின் முதன்மை மருந்தாயிற்று.

செத்தாப்பாக்கிலிருந்து சுங்கை பூலோவுக்கு

மலாயாவில் இவ்விதை வேறொரு வழியாகவும் நுழைந்தது. சீன மருத்துவத்தில் ‘தை ஃபூங் சீ’ எனப்படும் விதை, சயாம், இந்தோசீனா காடுகளில் வளரும் ‘ஹிட்னோகார்பஸ் ஆந்தெல்மிந்திகஸ்’ மரத்துடையது. அதன் எண்ணெயில் ஹிட்னோகார்பிக் அமிலம் மூன்றில் இரு பங்கு. கோலாலம்பூரில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் டிராவர்ஸ், செத்தாப்பாக் தொழுநோயாளர் காப்பகத்தில் இவ்விதையை உட்கொள்ளக் கொடுத்துப் பெற்ற அனுபவத்தை 1926இல் வெளியிட்டார். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிச் செல்லும் டிராவர்ஸ் சாலை அவர் பெயரைத் தாங்குவது. சீனக் கடைக்காரரின் விதையும் கேரள மலைக்காட்டு விதையும் ஒரே வேதியியலின் இரு வடிவங்கள் என்பதை அறிய, நோயாளிகளாக அங்கு அருகருகே கிடந்த சீனருக்கும் தமிழருக்கும் வாய்ப்பு இருந்திருக்காது.

செத்தாப்பாக்கின் அவலத்தைக் கண்ட டிராவர்சின் முயற்சியே சுங்கை பூலோவுக்கு வித்தாயிற்று. சிறைச்சாலை போன்ற கட்டடத்துக்கு மாற்றாக, பள்ளத்தாக்கில் சிறு வீடுகளும் தோட்டங்களும் பள்ளியும் வழிபாட்டிடங்களும் கொண்ட ஊர் ஒன்று எழுந்தது. அக்காலத்தில் இது முற்போக்கான திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1926ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. பால்மரத் தோட்டத்தில் டிரசரின் கண்ணில் பட்ட ஒரு தழும்பு ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிக்கும். குடியிருப்புக்குள் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். வெளியுலகப் பணத்தில் தொற்று ஏறும் என்ற அச்சத்தால் குடியிருப்புக்கெனத் தனிப் பணத்தாள்களும் அச்சிடப்பட்டன.

இச்சூழலில் எண்ணெய்க்கு ஓர் இரட்டை இயல்பு ஏற்பட்டது. நோயாளிகளே உதவியாளராகப் பயிற்சி பெற்று மருத்துவமனைப் பணிகளைச் செய்தனர். ஊசி போடும் நாள் வலியின் நாள். அதே நேரத்தில் நம்பிக்கையின் நாளும் அதுவே. மருந்து உண்டு என்பதால்தான் அக்குடியிருப்பைச் சிறை என்று சொல்லாமல் மருத்துவ நிலையம் என்று சொல்ல முடிந்தது. அடைத்து வைத்தலுக்கு அவ்வெண்ணெய் ஓர் அறநியாயத்தை வழங்கியது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அதனைக் கையாண்ட மருத்துவர்களே முழுநிறைவு கொண்டிருந்தனர் எனத் தோன்றவில்லை. கண்காணிப்பாளர் கோர்டன் ரைரி 1930களில் சாயப் பொருள்களைக் கொண்டு மாற்று மருத்துவம் தேடினார். ஜப்பானியர் ஆட்சியிலும் அவர் நோயாளிகளோடே தங்கினார். அந்த ஆண்டுகளில் உணவுப் பஞ்சத்தால் குடியிருப்பில் மாண்டவர் மிகப் பலர். எந்த எண்ணெயும் அரிசிக்கு ஈடாகவில்லை.

எண்ணெய்க்குப் பின்

1941இல் அமெரிக்காவின் கார்வில்லில் கய் ஃபேஜெட் சல்போன் மருந்தைச் சோதிக்கத் தொடங்கினார். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் காக்ரேன் 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் மருந்தைக் கையாண்டார். சுங்கை பூலோவிலும் போருக்குப் பின் ஊசியெண்ணெய் சில ஆண்டுகளில் மறைந்தது. அதன் பிறகு அவ்வூரின் அறிவியல் சிறப்பு வேறு வகையில் வளர்ந்தது. டாப்சோனுக்குக் கட்டுப்படாத தொழுநோய்க் கிருமி உண்டென்பதைப் பெட்டிட், ரீஸ் ஆகிய இருவரும் 1964இல் முதன்முதலாக மெய்ப்பித்தது சுங்கை பூலோ நோயாளிகளைக் கொண்டே. ரிஃபாம்பிசின் மருந்து பற்றிய 1970ஆம் ஆண்டு ஆய்வும் அங்கு நிகழ்ந்ததே. உலகச் சுகாதார நிறுவனம் 1980களில் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறைக்கு இவ்விரண்டும் அடித்தளமாயின. அப்பதிவுகளில் நோயாளிகள் எண்களாக நிற்கின்றனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

அப்படியெனில் நீரடிமுத்து பயனற்றதா? எலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமியை வளர்க்கும் முறை 1960இல் வந்தபின்தான் இக்கேள்வியை முறையாகக் கேட்க முடிந்தது. லூயி லெவி 1975இல் வெளியிட்ட ஆய்வு, சால்மூக்ரா அமிலங்கள் அக்கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கவல்லன என்று காட்டியது. மனிதருக்குக் கொடுக்கத்தக்க அளவில் அது நோயை வேரறுக்கும் என்று அதற்குப் பொருளில்லை. முற்றும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் இயலாது. தொடக்க நிலை நோயாளிகள் சிலர் தேறினர், முற்றிய நிலையினர் பெரும்பாலும் தேறவில்லை என்ற அக்கால மருத்துவர்களின் பொதுக்கருத்தோடு இது ஒத்துச் செல்கிறது. தொழுநோயின் சில வகைகள் மருந்தின்றியே தணிவதுண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணெய்க்குரிய பங்கு இன்னும் குறுகும்.

விதையில் எண்ணெய் மட்டும் இல்லை. 1970களில் இந்திய வேதியியலார் நீரடிமுத்து விதையிலிருந்து ‘ஹிட்னோகார்ப்பின்’ என்ற ஃபிளேவனோலிக்னான் சேர்மத்தைப் பிரித்தனர். அதன் நெருங்கிய உறவான ஒரு மெதாக்சிச் சேர்மம் அமெரிக்கப் பெர்பெரிஸ் செடியிலிருந்து கிடைத்தது. கிருமியின் உள்ளே புகுந்த மருந்தை வெளியேற்றும் புரதக் குழாயை அது அடைத்துவிடுகிறது என்று 2000இல் கண்டறிந்தனர். தானாகக் கிருமியைக் கொல்லாமல் பிற மருந்தைக் கொல்லவிடும் துணைமருந்து அது. மருந்துக்கு அடங்காத கிருமி மெய்ப்பிக்கப்பட்ட தொழுநோயின் பழைய மருந்து விதையிலிருந்தே இத்தகைய சேர்மக் குடும்பம் கிடைத்தது தற்செயலே. ஆயினும் குறித்து வைக்கத்தக்கது.

சுங்கை பூலோ 1969இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையமாயிற்று. 2007இல் கிழக்குப் பகுதிக் கட்டடங்கள் பல்கலைக்கழக வளாகத்திற்காக இடிக்கப்பட்டன. எஞ்சியது யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தமிழ் மாணவர்க்கென மூலிகைப் பட்டியல் தயாரிப்போர் நீரடிமுத்தைச் சேர்க்கும்போது, ‘குட்டம் தீர்க்கும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல் தாவரப் பெயரையும் அருகில் எழுதுவார்களாயின் கைனோகார்டியாவுக்கு நேர்ந்தது மறுபடி நேராது. ‘சுங்கை பூலோ, 1930’ என்று இன்னொரு வரியும் அப்பட்டியலில் இடம்பெறலாம்.